டிக்கெட் காசு போனால் போகட்டும்

பொழுதுபோக்குப் பூங்கா நுழைவாயிலில் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளையைச் சாயங்காலம் கேட் மூடும்வரை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறோமே, இது என்ன நியாயம்? ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்களைத்தான் கேட்கிறேன். கூட்டம் என்றாலே வயிற்றைக் கலக்குகிற, முந்தின ராத்திரியே தூக்கம் போய்விடுகிற பதற்றக்காரப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களையும் சேர்த்துத்தான். என் மகளுக்கும் ஆட்டிசம். அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்து பேசப்போகிறேன்.

ஊரார் வாயைப் பற்றி நாம் புலம்பாத நாளில்லை. "வளர்க்கத் தெரியலை", "ரெண்டு போடு போட்டா சரியாப் போயிடும்", "மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. இன்றைக்கு ஊராரை விட்டுவிடுவோம். நம் லட்சணத்தைப் பார்ப்போம்.

சென்னைக்கு வெளியே ஒரு பூங்காவில் நான் பார்த்தது இது. கொலம்பஸ் படகுக்கு முன்னால் வரிசை. பையனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். இரண்டு கையாலும் காதை அடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்" என்று ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டே, "ஒரு தடவை ஏறிட்டா பயம் தெளிஞ்சிரும்டா. எவ்வளவு காசு கட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார். அம்மா கீழே நின்று வீடியோ எடுக்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். படகு இரண்டு ஆட்டம் ஆடியதும் பையன் இடுப்புக் கம்பிக்கு அடியில் நழுவி இறங்கப் பார்த்தான். நல்லவேளை, ஆபரேட்டர் கவனித்து நிறுத்திவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, இறங்கின கையோடு அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவரே பாப்கார்ன் கடைக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கெட்ட அப்பா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் செய்தது அத்தனையும் தப்பு.

"ஏற்றிவிட்டால் தெளிந்துவிடும்" என்பது கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கிய காலத்து வைத்தியம். மூச்சுத் திணறி மேலே வந்தவன் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். தண்ணீர்ப் பக்கமே தலைவைக்காமல் ஆயுளைக் கழித்தவன் வாயைத் திறக்கவில்லை. பதற்றத்துக்கு மருத்துவம் பார்க்கிறவர்களும் பிள்ளையைப் பயத்துக்குப் பழக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் முதலில் படம், பிறகு தூரத்தில் நின்று பார்ப்பது, பிறகு ஓடாத ரைடில் சும்மா உட்கார்ந்து இறங்குவது என்று ஒவ்வொரு படியாக, பிள்ளை தலையாட்டிய பிறகே அடுத்தது. பெல்ட்டைப் பூட்டிவிட்டு, "கண்ண மூடிக்கோ, முடிஞ்சிரும்" என்பதற்கு அந்த வைத்தியத்தில் இடமில்லை. அப்படி ஏற்றப்பட்ட பிள்ளை ராட்டினத்தோடு சேர்த்து உங்களையும் நம்பாமல் போகும். ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா என்று கேட்கிற மாமாக்களை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

ஆட்டிசத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூட. பல நேரம் அது பயமே இல்லை, வலி. 1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, பெருஞ்சத்தமும் அசையும் பொருட்களும் இந்தக் குழந்தைகளைக் கதிகலங்க வைப்பதைப் பதிந்திருக்கிறார். லிஃப்ட், வாக்குவம் கிளீனர், முட்டை அடிக்கிற கருவி, ஊஞ்சல்கூட அவர் பட்டியலில் வருகிறது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில், புலன்கள் அளவுக்கு மீறியோ குறைந்தோ வேலை செய்வது ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. இப்போது சொல்லுங்கள்: பெருஞ்சத்தமும் அசையும் பொருட்களும் தவிர ஒரு பூங்காவில் வேறு என்ன இருக்கிறது?

ரைடு வரைக்கும் போக வேண்டாம். கேட்டில் மணிக்கட்டில் ஒரு பட்டை ஒட்டுவார்கள். அதன் ஓரம் தோலில் உரசுவதைத் தாங்காமல் பிய்த்து எறிகிற பிள்ளைகள் உண்டு. தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான்தான் போட வேண்டும் என்பார்கள். ஈரமான நைலான் உடம்பில் ஒட்டுவது சில பிள்ளைகளுக்குப் பூரான் ஊர்கிற மாதிரி. லாக்கர் அறையில் இரும்புக் கதவுகள் படபடவென்று அடிபடும். கழிப்பறையில் கையைக் காயவைக்கிற மெஷின் திடீரென்று உறுமும். ரெயின் டான்ஸ் பக்கம் போனால் நமக்கே நெஞ்சு அதிரும். இதையெல்லாம் தாண்டி பிள்ளை ரைடுக்கு வந்து சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். அப்போதுதான் நாம், "இன்னும் ஒண்ணுகூட ஏறல" என்று ஆரம்பிக்கிறோம்.

அதே பிள்ளைகளில் சிலருக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். தலைகீழாகச் சுற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கி, கை கழுவப் போன இடத்தில் அந்த மெஷின் சத்தம் கேட்டுத் தரையில் விழுந்து புரளும். அவரவர் பிள்ளையின் உடம்பு அவரவருக்குத்தான் தெரியும், தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள செசமி பிளேஸ், ஆட்டிசத்துக்கான பயிற்சியும் சான்றும் பெற்ற முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று 2018-ல் பெயர் வாங்கியது. அங்கே ஒவ்வொரு ரைடுக்கும் தொடுதல், சுவை, ஒலி, மணம், காட்சி என ஐந்து புலனுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அப்படி யாரும் எழுதி வைக்கும்வரை, அந்தப் பட்டியலை நாமே ஒரு நோட்டில் போட்டுக்கொள்ள என்ன தடை? முதல் முறை பிள்ளையை அழைத்துப் போகாமல் நாம் மட்டும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். கல்யாண மண்டபம் பிடிக்க நாலு மண்டபம் ஏறி இறங்குகிறவர்கள்தானே நாம்.

என் மகளுக்கு அலைக்குளம் பிடிக்கும், அலை பிடிக்கும், அலை வரப்போகிறது என்று ஊதுகிற சைரன் மட்டும் ஆகாது. அதனால் குளம் சும்மா கிடக்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டித் தட்டி விளையாடுவாள். சைரன் நேரம் நெருங்கும்போது காவலுக்கு நிற்கிற தம்பி எனக்குக் கை காட்டுவார். நாங்கள் எழுந்து தூரமாக மரத்தடிக்குப் போய்விடுவோம். அலை அடங்கியதும் மறுபடி தண்ணீர். மீதி நேரம் ஜெயன்ட் வீலுக்கு வெளியே நின்று அது சுற்றுவதைப் பார்ப்பாள். ஏற மாட்டாள். சக்கரம் நிற்கிற இடத்தில் எந்தப் பெட்டி வரும் என்று முன்கூட்டியே விரல் காட்டுவாள், பெரும்பாலும் சரியாக இருக்கும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கூட வந்த உறவுக்காரர் ஒருவர் கேட்டார். இதுக்குத்தான்.

போகிற நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். காணும் பொங்கலன்றும் மே மாத ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டிப்போய்விட்டு, பிள்ளை படுத்துகிறான் என்று சொல்லாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய், புதனில் லீவு போட்டுப் போங்கள். ஒரு நாள் பாடம் போனால் குடி முழுகாது. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் வகுத்த சமூகக் கதை முறையைத் தெரபிஸ்ட் சொல்லித் தந்திருப்பார். கேட், பட்டை, லாக்கர், வரிசை, கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம், கடைசியில் வீட்டுக்கு வருகிற கார் என்று நிஜப் படங்களை ஒட்டி, இன்னது நடக்கும், பிடிக்காவிட்டால் இன்னது செய்யலாம் என்று ஒவ்வொரு வரி எழுதிவிட்டால் போதும். முதல் நாள் ராத்திரி காட்டினால் பயனில்லை, ஒரு வாரமாவது தினமும் காட்ட வேண்டும். பதற்றம் உள்ள பிள்ளைக்கும் இதே வைத்தியம்தான். "அங்க பாத்ரூம் எங்க இருக்கும்?" என்று நூறு தடவை கேட்கிற பிள்ளைக்கு அந்த ஒரு படம் போதும்.

போதும் என்று தெரிவிக்க ஒரு வழியும் வேண்டும். பேசாத பிள்ளைக்கு வீட்டுப் படம் போட்ட ஒரு அட்டை, பேசுகிற பிள்ளைக்கு ஒரு சொல். அட்டையை நீட்டினால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். "இந்த ஒண்ணு மட்டும் முடிச்சுட்டு" என்ற பேரம் கூடாது. உள்ளே போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் சரி. ஒரு முறை அந்த அட்டைக்கு மதிப்பில்லை என்று பிள்ளை கண்டுகொண்டால், அடுத்த முறை அட்டையை நீட்டாது, நேராகத் தரையில் விழும்.

இப்போது நம் பெரிய நோய்க்கு வருகிறேன். மறைப்பது. வருமான வரியில் கழிவு கேட்கும்போது பிள்ளையின் ஊனச் சான்றிதழைக் காட்டத் தயங்காத கை, பூங்கா கவுன்ட்டரில் அதை எடுக்கக் கூசுகிறது. "எதுக்குங்க நாலு பேருக்குத் தெரியணும்?" தரையில் புரண்டு அழும்போது நாற்பது பேருக்குத் தெரிகிறதே, அது பரவாயில்லையா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்கில் கலந்துகொள்ளும் உரிமையைக் காக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. சலுகை கேட்டுக் கையேந்துகிறோம் என்று குறுகத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குப் போனால் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டும் இருக்கிறது, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. தெரபிக்காக அந்தச் சாலையில் வருஷக்கணக்காகப் போய் வரும் குடும்பங்கள் எத்தனை! பூங்கா கேட்டில் வண்டியை நிறுத்தி, "எங்க பிள்ளைக்கு இப்படி, என்ன செய்ய முடியும்?" என்று கேட்டவர்கள் அதில் எத்தனை பேர் இருப்போம்?

சொன்னால் என்ன ஆகும் என்கிறீர்களா? 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதறிப்போயிருந்த மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற விமான நிறுவன ஊழியர்கள் மறுத்தார்கள். அந்தப் பிள்ளைக்காக அங்கே வாதாடியவர்கள் முன்பின் தெரியாத சக பயணிகள். விஷயம் வெளியே வந்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஜனங்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் இல்லை. விஷயம் தெரியாததால்தான் பாதிப்பேர் முறைக்கிறார்கள்.

என்ன கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் போவதைக் கேட்க வேண்டாம். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் இருக்கிற ஏற்பாடு அருமையானது: பிள்ளை வரிசையில் நிற்க வேண்டியதில்லை, ஆனால் வரிசைக்காரர்கள் காத்திருக்கிற அளவு நேரம் நீங்களும் வேறெங்காவது நிழலில் காத்திருந்து, குறித்த நேரத்துக்கு வந்து ஏறலாம். நியாயமும் கெடவில்லை, பிள்ளையும் நசுங்கவில்லை. இதற்கு முன்பிருந்த சலுகை அட்டையை, ஒரு குறையும் இல்லாதவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடியதால்தான் 2013-ல் அதை எடுத்துவிட்டு இந்த முறைக்கு வந்தார்கள். இதிலும் ஆட்கள் புகுந்து விளையாட, 2024-ல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று இறுக்கிவிட்டார்கள். அடிபட்டவர்கள் வேறு நோயால் உண்மையிலேயே நிற்க முடியாதவர்கள். மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று பத்துப் பேரை முன்னால் இழுத்துப் போகும் நம் ஆட்களுக்கு இது காதில் விழட்டும்.

கேட்க வேண்டிய இன்னொன்று சாப்பாடு. வெளிச் சாப்பாடு பல பூங்காக்களில் அனுமதி இல்லை. நம் பிள்ளைகளோ தயிர்சாதம், அதுவும் அந்த டப்பாவில், அந்தக் கரண்டியோடு. முதல் நாளே போன் செய்து காரணத்தைச் சொல்லி அனுமதி வாங்குங்கள். கேட்டில் பையைச் சோதிக்கிற காவலாளியோடு மல்லுக்கட்டுவது எதற்கு? அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர்.

வலிப்பு இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. "சொன்னா ஏத்த மாட்டாங்க" என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான் போர்டே வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் பற்றிச் சொல்ல எனக்கு வேறு தொனி கிடைக்கவில்லை, கோபமாகவே வருகிறது. 2012-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது கண்காணிப்பிலிருந்து நழுவி ஓடப் பார்த்தவர்கள் என்று பெற்றோர்களே சொல்லியிருந்தார்கள். அப்படி நழுவுகிற பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது என்பது அமெரிக்காவில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. தண்ணீர் இந்தப் பிள்ளைகளைச் சுண்டி இழுக்கும். நாமோ பிள்ளையைத் தண்ணீர்ப் பூங்காவுக்கே கூட்டிப்போய், "நீ பார்த்துக்கறேன்னு நினைச்சேன்", "நீங்க பார்த்துக்கறீங்கன்னு நினைச்சேன்" என்று இருக்கிறோம். காணாமல் போனால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே திரும்பாத பிள்ளை மைக்கில் கூப்பிட்டா வரப்போகிறது? அதனால் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இன்னார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை மாற்றுங்கள். பொறுப்பில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், உடை பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். சட்டையின் உட்புறம் போன் நம்பர் எழுதுங்கள். உள்ளே நுழைந்ததும் தண்ணீர்க் காவலர்களிடம் பிள்ளையைக் காட்டி, "இவன் பேச மாட்டான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான்" என்று சொல்லிவையுங்கள். பிள்ளை காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டிய இடம் தண்ணீர். ஐஸ்கிரீம் கடையை அப்புறம் தேடலாம்.

இவ்வளவு ரோதனை எதற்கு, பாட்டி வீட்டில் விட்டுவிட்டு மற்ற பிள்ளையோடு போய் வரலாமே என்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நாள் அப்படியும் செய்யத்தான் வேண்டும். அக்காவோ தம்பியோ அவர்களும் குழந்தைகள்தான், ஒரு நாளாவது யாரும் அழாத ஜெயன்ட் வீல் அவர்களுக்கும் கிடைக்கட்டும். ஆனால் எப்போதும் அப்படியே என்றால் அதற்குப் பெயர் வேறு. டெக்சஸில் சான் ஆன்டோனியோ நகரத்துக் கட்டுமானத் தொழிலதிபர் கோர்டன் ஹார்ட்மன், தன் மகள் மோர்கன் ஆசையோடு விளையாடக் கிட்டே போனதும் நீச்சல் குளத்திலிருந்த பிள்ளைகள் எழுந்து போனதைப் பார்த்தார். அந்த வருத்தத்தில் ஒரு பழைய கல்குவாரியில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற பூங்காவைக் கட்டி 2010-ல் திறந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே கட்டணமே இல்லை. நம்மால் குவாரி வாங்க முடியாது. ஒரு போன் செய்ய முடியும்.

இந்த விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும் முன்னால் அந்தப் போனைச் செய்யுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை வருகிறது என்று சொல்லுங்கள். வரிசைக்கு வெளியே காத்திருக்க வழி உண்டா, சத்தமில்லாத ஓர் அறை உண்டா, டப்பா சாப்பாட்டை அனுமதிப்பீர்களா, பாதியில் கிளம்பினால் இன்னொரு நாள் வர விடுவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள், ஐம்பது பேர் கேட்டால் போர்டு வைப்பார்கள்.